ஊட்டும் கை

மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு கேள்வி கொடுத்திருந்தார்கள். வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போன சஃப்ரஜெட் பெண்களை பிரிட்டிஷ் அரசாங்கம் நடத்திய விதம் நியாயமானதா? இரண்டு பக்கமும் எழுதி, கடைசியில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். பதினாறு மதிப்பெண்.

"கவர்ன்மென்ட்டுக்கு சப்போர்ட்டா ரெண்டு பாயின்ட் சொல்லுங்கப்பா. எதிரா எனக்கே நிறைய இருக்கு."

"சாகவிடக் கூடாதேன்னுதானே ஊட்டினாங்க? அது ஒரு பாயின்ட்" என்றேன். எழுதிக்கொண்டாள். இரண்டாவது பாயின்ட் எனக்கு வரவில்லை. அன்று இரவு படுத்த பிறகு, சொன்ன முதல் பாயின்டும் தூங்கவிடவில்லை.

2003இல் எம்.எஸ்ஸி படிக்க பர்மிங்ஹாம் வந்தபோது, வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வின்சன் கிரீன் பகுதியில் ஓர் அறை எடுத்திருந்தேன். இரண்டு தெரு தள்ளிப் பழைய சிறைச்சாலை. சனிக்கிழமைகளில் சோஹோ ரோட்டில் அரிசியும் பருப்பும் வாங்கி, பை கையை அறுக்க, அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்து வருவேன். இந்த நாட்டில் சஃப்ரஜெட் கைதிகளின் தொண்டைக்குள் முதன்முதலில் குழாய் இறக்கியது அந்தச் சுவருக்கு உள்ளேதான், 1909 செப்டம்பரில், என்பது எனக்கு அப்போது தெரியாது. பிரதமர் ஆஸ்க்வித் பேச வந்த கூட்டத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லை. மேரி லீ, சார்லட் மார்ஷ் என்ற இருவர் பக்கத்துக் கட்டிடத்தின் கூரையில் ஏறி, கோடரியால் ஓடுகளைப் பெயர்த்துக் கீழே எறிந்தார்கள். சிறைக்கு வந்ததும் சாப்பிட மறுத்தார்கள்.

உண்ணாவிரதம் எதற்காகத் தொடங்கியது என்பதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாக்கு கொடு, இல்லாவிட்டால் சாகிறேன் என்பது அல்ல அந்தப் பெண்களின் முதல் கோரிக்கை. எங்களை எந்த வகைக் கைதியாகப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அன்றைய ஆங்கிலேயச் சிறைகளில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் சொந்த உடை, புத்தகங்கள், கடிதங்கள், வெளியிலிருந்து சாப்பாடு எல்லாம் உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் திருடர்களுக்கும் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களுக்கும். எங்கள் குற்றம் அரசியல் குற்றம், முதல் பிரிவில் வையுங்கள் என்றார்கள் பெண்கள். அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. சில நூறு ஆயுதம் தாங்கிய ஆட்களோடு இன்னொரு நாட்டுக்குள், டிரான்ஸ்வாலுக்குள், படையெடுத்துப் போய்த் தோற்றுத் திரும்பிய டாக்டர் ஜேம்சனை 1896இல் அடைத்தார்களே, அவருக்கு முதல்தரக் கைதி என்ற மரியாதை கிடைத்தது. அவர் இருந்ததும் ஹாலோவே சிறைதான். அதே ஹாலோவேயில், சில ஆண்டுகள் கழித்து, நாடாளுமன்ற வாசலில் மனு கொடுக்கப் போன பெண்களுக்குக் கிடைத்தது இரண்டாம் பிரிவு.

1909 ஜூனில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர், 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் ஒரு வாசகத்தை நாடாளுமன்றத்தின் புனித ஸ்டீஃபன் மண்டபச் சுவரில் மை முத்திரையாகப் பதித்தார். மன்னருக்கு மனு கொடுப்பது குடிகளின் உரிமை என்ற வாசகம். ஒரு மாதச் சிறை. முதல் பிரிவு கேட்டார், கிடைக்கவில்லை, யாரிடமும் ஆலோசிக்காமல் சாப்பாட்டை நிறுத்தினார். நல்ல நல்ல பதார்த்தங்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். பொரித்த மீனை ஜன்னல் வழியே வீசினாராம். 91 மணி நேரத்தில் விடுதலை. பின்னால் வந்தவர்களும் அதையே செய்தார்கள், அவர்களையும் விட வேண்டியிருந்தது. தண்டனை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று மாதங்களில் அரசாங்கம் கண்டுபிடித்த பதில்தான் குழாய்.

அதை ஒருமுறையாவது நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நாலைந்து பெண் காவலர்கள் கைதியைப் படுக்கையிலோ நாற்காலியிலோ அழுத்திப் பிடிப்பார்கள். மருத்துவர் மூக்கு வழியாக ரப்பர் குழாயை வயிற்றுக்கு இறக்குவார். அல்லது பற்களுக்கு இடையே இரும்புக் கருவியைச் செருகி, வாயைத் திருகித் திறந்து, தொண்டை வழியாக. பாலும் முட்டையும் ஊற்றப்படும். பாதி அப்போதே வெளியே வந்துவிடும். குழாய் தவறினால் நுரையீரல். மறுபடி மாலையில். இதற்கு உள்துறை அமைச்சகத்தின் சார்பில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட பெயர், மருத்துவமனைச் சிகிச்சை. 116 மருத்துவர்கள் கையெழுத்திட்டு, இது சிகிச்சை அல்ல என்று பிரதமருக்கு எழுதினார்கள். பயனில்லை.

மேரி லீ வழக்குப் போட்டார், உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் மீதும் சிறை அதிகாரி மீதும் மருத்துவர் மீதும். டிசம்பரில் தீர்ப்பு. தலைமை நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்னதன் சாரம்: கைதியின் உடல்நலத்தையும் உயிரையும் காப்பது சிறை அதிகாரிகளின் கடமை. ஜூரிகளுக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. மேரி லீ தோற்றார்.

நான் மகளுக்குச் சொன்ன பாயின்டும் இந்தத் தீர்ப்பும் ஒன்றுதான். உயிரைக் காப்பது கடமை. கேட்டால் தலையாட்டத் தோன்றும். அதைச் சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார்.

கான்ஸ்டன்ஸ் லிட்டன் பிரபு குடும்பத்துப் பெண். 1909 அக்டோபரில் நியூகாசில் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, அவருக்கு இதயக் கோளாறு இருக்கிறது என்று சொல்லி, குழாயை அருகில்கூடக் கொண்டுவராமல் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். இதயக் கோளாறு உண்மைதான். ஆனால் கூட இருந்த சாதாரணப் பெண்களுக்கு நடந்தது வேறு என்பது அவருக்கு உறுத்தியது. 1910 ஜனவரியில் முடியை வெட்டி, மட்டமான கோட்டும் கண்ணாடியும் போட்டு, ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாகப் பெயர் கொடுத்து லிவர்பூலில் கைதானார். அங்கே வால்டன் சிறை. மறுபடி உண்ணாவிரதம். இந்த முறை இதயத்தை யாரும் பார்க்கவில்லை. எட்டு முறை ஊட்டினார்கள். முதல் முறை முடிந்ததும் மருத்துவர் கன்னத்தில் ஓர் அறை விட்டதாக எழுதியிருக்கிறார். பிறகொரு நாள் பேருக்கு ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, அருமையான இதயம் என்று சொன்னாராம். யார் என்று தெரியவந்ததும் அவசரமாக விடுதலை. 1912இல் பக்கவாதம் வந்து வலது கை போனது. தன் சிறை நினைவுகளை இடது கையால் எழுதி 1914இல் வெளியிட்டார். 1923இல் இறந்தார்.

ஒரே இதயம். நியூகாசிலில் அது நோயுற்ற இதயம், லிவர்பூலில் அருமையான இதயம். மென்பொருள் சோதனை செய்பவர்களுக்கு இந்த முறை தெரியும்: எல்லா உள்ளீட்டையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்று. லிட்டன் பெயரை மட்டும் மாற்றினார். உயிரைக் காக்கும் கடமை எந்த விதியின்படி இயங்குகிறது என்பது தெரிந்துவிட்டது.

அவர் பெயரை எங்கோ கேட்ட நினைவு வந்து, யார் மகள் என்று தேடினேன். ராபர்ட் லிட்டன், 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். நம்மில் பலருக்கு அந்த ஆண்டுகள் வேறு பெயரில் தெரியும். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் என் பாட்டி, "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பார். அவரும் அதில் பிறந்தவர் இல்லை. அவருடைய பாட்டி சொல்லக் கேட்டதுதான். தாது வருஷப் பஞ்சம். தெற்கிலும் மேற்கிலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னை மாகாணம் காய்ந்துகொண்டிருந்த 1877 ஜனவரி முதல் தேதி, லிட்டன் டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். நிவாரணச் செலவு கூடிப் போகிறது என்று அவருடைய அரசாங்கம் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பியது. நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடக் கொஞ்சம் காசு என்று கூலி குறைந்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உடலைத் தாங்காது என்று வாதாடினார். தானியச் சந்தையில் தலையிடக் கூடாது என்பது கொள்கை. ஏற்றுமதி நிற்கவில்லை.

அப்போது கான்ஸ்டன்ஸுக்கு எட்டு வயது, இந்தியாவில்தான் இருந்தார். அப்பாவின் அரசாங்கம் சோறு கேட்டவர்களுக்குக் கணக்குப் பார்த்தது. முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து, சோறு வேண்டாம் என்ற மகளின் மூக்கில் இன்னொரு அரசாங்கம் பாலை ஊற்றியது. அரசியல் ரீதியாக இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். அது கன்சர்வேட்டிவ் கட்சி அனுப்பிய வைஸ்ராய், இது லிபரல் ஆட்சி. ஆனாலும் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று ஒரு தலைமை நீதிபதி சொல்லும்போது, பாட்டியின் குரல் குறுக்கே வருவதை என்னால் தடுக்க முடியவில்லை. கேட்பவர் வாயைப் பார்க்காத கடமை, மறுப்பவர் வாயை மட்டும் ஏன் இரும்பால் திறக்கிறது?

என் பதில் இதுதான். கஞ்சித் தொட்டிக்கு முன்னால் செத்தவர்கள் அரசாங்கத்திடம் எதையும் வாதிடவில்லை. அவர்கள் சாவு ஒரு புள்ளிவிவரம். சாப்பிட மறுக்கும் கைதி வாதிடுகிறார். அவருடைய வெறும் வயிறு ஒரு வாக்கியம். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அல்லது அது வாக்கியமே இல்லை, ஒரு நோய் என்று சொல்ல வேண்டும். அரசாங்கம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. சிகிச்சை என்ற சொல் அங்கே செய்த வேலை அதுதான். தமிழில் வாயை அடைப்பது என்கிறோமே, அதை இவ்வளவு நேரடியாகச் செய்து காட்டிய அரசாங்கம் வேறு இருக்காது.

சரி, எதிர்த் தரப்பையும் பார்க்கத்தான் வேண்டும். பதினாறு மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல. சஃப்ரஜெட்டுகள் மனு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1912க்குப் பிறகு ஜன்னல்கள், தபால்பெட்டிகள், ஆளில்லாத வீடுகளுக்குத் தீ, வெடிகுண்டுகள். 1913 பிப்ரவரியில் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. கட்டிடத் தொழிலாளிகள் வேலைக்கு வரும் நேரத்துக்குச் சற்று முன்னால். இந்தப் பெண்களை எந்த அரசும் சிறையில் போடத்தான் போடும். போட்ட பிறகு சாப்பிட மறுத்தால்?

1914 ஜூனில் உள்துறை அமைச்சர் மெக்கென்னா நாடாளுமன்றத்தில் இதை வெளிப்படையாகவே அலசினார். தனக்கு நான்கு யோசனைகள் வந்திருப்பதாகச் சொன்னார்: சாகவிடுவது, நாடு கடத்துவது, பைத்தியம் என்று அடைப்பது, வாக்குரிமை கொடுப்பது. தனக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் முதலாவதற்குத்தான் ஆதரவு அதிகம் என்றார். நான்கையும் மறுத்தார். ஓர் அமைச்சர் தன் இக்கட்டை இவ்வளவு பச்சையாகச் சொல்வது அபூர்வம், அதற்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

அவர் கையில் ஏற்கெனவே ஐந்தாவது ஒன்று இருந்தது. 1913 பிப்ரவரியில் லிலியன் லென்டன் என்ற பெண்ணுக்கு ஊட்டியபோது உணவு நுரையீரலுக்குள் போய், சாகும் நிலையில் அவசரமாக வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. உடல் மோசமானால் தற்காலிக விடுதலை. தேறியதும் மறுபடி கைது. விட்ட இடத்திலிருந்து தண்டனை. மக்கள் வைத்த பெயர் பூனை-எலிச் சட்டம். எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டுக்கு மூன்றாண்டுத் தண்டனை; உண்ணாவிரதம், விடுதலை, கைது என்று உடம்பு தேயத் தேய உள்ளேயும் வெளியேயும் போய்வந்தார். உயிரைக் காக்கும் கடமையின் உண்மையான எல்லை இந்தச் சட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. சாவு நடக்கலாம். எங்கள் கட்டிடத்துக்குள் நடக்கக் கூடாது.

இதற்கிடையே 1910இல் சர்ச்சில் உள்துறை அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 243ஏ என்ற விதி ஒன்று உண்டு. சொந்த உடை, புத்தகம் போன்ற முதல் பிரிவுச் சலுகைகளில் சில, முதல் பிரிவு என்ற பெயர் இல்லாமலேயே கிடைக்கும். வகையின் பெயரை மாற்றாமல் பண்புகளை மட்டும் மாற்றுவது. எங்கள் தொழிலில் இதற்கு பேட்ச் போடுவது என்று பெயர். கொஞ்ச நாள் வேலை செய்யும். இதுவும் கொஞ்ச நாள் வேலை செய்தது.

மெக்கென்னாவின் நாற்காலியில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? வாக்கைக் கொடுத்துவிடுவேன் என்பது சுலபமான பதில். 1866இலேயே ஜான் ஸ்டூவர்ட் மில் வழியாக ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் அமைதியாக மனு கொடுத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு காத்திருந்துவிட்டு மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்பதில் பெரிய வீரம் இல்லை. ஆனால் எல்லாக் கோரிக்கையும் வாக்குரிமை போல நியாயமாக இருக்காது. அடுத்தவன் உரிமையைப் பறிக்கச் சொல்லியும் ஒருவர் பட்டினி கிடக்கலாம். நம் ஊர்களில் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும் உண்ணாவிரதங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வயிறு காய்ந்தால் கோரிக்கை சரியாகிவிடாது.

பணியவும் மாட்டேன், ஊட்டவும் மாட்டேன் என்றால் மிஞ்சுவது மெக்கென்னாவின் முதல் யோசனை. அதன் முகம் நமக்குத் தெரியும். மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் இரண்டரை மாதம் கிடந்து செத்தார். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு 1987இன் நல்லூரைச் சொல்லவே வேண்டாம். அவர்கள் கைதிகள் அல்ல, யாரும் குழாயோடு வரவில்லை. சாகவிட்டது மரியாதையா, அலட்சியமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மருத்துவர்கள் ஒரு பதிலுக்கு வந்திருக்கிறார்கள். உலக மருத்துவச் சங்கம் 1975இல் டோக்கியோவிலும் 1991இல் மால்டாவிலும் வெளியிட்ட பிரகடனங்களின்படி, தெளிந்த மனத்தோடு உணவை மறுக்கும் கைதிக்கு மருத்துவர் பலவந்தமாக ஊட்டக் கூடாது. ஆனால் அருகில் இருக்க வேண்டும், தனியாகப் பேச வேண்டும், இது அவர் சொந்த முடிவுதானா என்று மறுபடி மறுபடி கேட்க வேண்டும். அந்த இடத்துக்கு வர எத்தனை உயிர்கள்! 1917இல் டப்ளினில் தாமஸ் ஆஷ். 1929இல் லாகூரில் ஜதின் தாஸ், ஊட்டியபோது நுரையீரல் கெட்டு 63ஆம் நாள் செத்தார். குழாய் பிரிட்டனிலிருந்து பேரரசு முழுக்கப் பயணம் செய்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கான்ஸ்டன்ஸுக்காக உள்துறையோடு மல்லுக்கு நின்றவர் அவர் தம்பி விக்டர் லிட்டன். 1924இல் வங்காளத்தில் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அவசரச் சட்டம் வந்து சுபாஷ் சந்திர போஸ் உள்ளே போனபோது, அங்கே கவர்னர் அதே தம்பிதான். மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்ட போஸ் 1926இல் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அக்காவின் நினைவு தம்பிக்கு வந்திருக்குமா!

தம்பியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக ஒப்பந்த வேலை செய்தேன். குடியேற்றத் தடுப்பு மையங்களில் இருப்பவர்களின் அன்றாடப் பதிவுகளுக்கான மென்பொருள். என் பங்குக்கு வந்த திரைகளில் ஒன்று, உணவு மறுப்பு. ஒருவர் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் அதிகாரி பதிவார். காரணம் என்ற கட்டத்தைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விழும்: உடல்நலமின்மை, மதம், உணவு பிடிக்கவில்லை, பிற. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் தானாக எச்சரிக்கை போகும். இரண்டு பேருக்கு. ஒருவர் மருத்துவப் பிரிவு. இன்னொருவர் ஊடகத் தொடர்புப் பிரிவு.

கூட்டத்தில் கேட்டேன், பட்டியலில் எதிர்ப்பு என்று ஒன்று வேண்டாமா? காரணத்தை நாம் தீர்மானிக்க வேண்டாம், பிற என்பதே போதும் என்றார்கள். மரியாதையான, யோசித்துச் சொன்ன பதிலாகத்தான் அப்போது பட்டது. தலையாட்டினேன். சோதனைப் பதிவுகளுக்கு எப்போதும் போல என் தாத்தாவின் பெயரைப் போட்டு, அவரை ஆறு வேளை பட்டினி போட்டு, எச்சரிக்கை சரியாகப் போகிறதா என்று பார்த்தேன். போயிற்று. இரண்டு பேருக்கும்.

மறுநாள் காலை மகளிடம், நான் சொன்ன பாயின்டை அடித்துவிடச் சொன்னேன். ஏன் என்றாள். லிட்டனைப் பற்றிச் சொன்னேன், தாது வருஷத்தைப் பற்றிச் சொன்னேன், பேச்சுவாக்கில் அந்தத் திரையைப் பற்றியும் சொன்னேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அந்த லிஸ்ட்ல ப்ராட்டஸ்ட்ங்கிற வேர்டைச் சேர்த்தீங்களா?"

"இல்ல."

"கேட்டீங்கல்ல?"

"ஒரு தடவை கேட்டேன்."

பாயின்டை அவள் அடிக்கவில்லை. அதுக்கு மார்க் இருக்குப்பா என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.